லேபிள் கிழித்த பாட்டில்

என் அத்தான் இருபத்தெட்டு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டல் சமையலறை, சாக்கடை, பொதுக் கழிப்பறை என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டும் இடங்களில் நின்று நிதானமாகக் குறிப்பெடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், ஒரு சலவைக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தார். வாசலில் 'இன்ஸ்பெக்டர் - ஓய்வு' என்று ஒரு பலகை. வருகிறவர்கள் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் பொய் சொன்னதும் இல்லை, திருத்தியதும் இல்லை.

நான் அவர் மனைவியின் தம்பி. இதற்கு முன் மூன்று வேலைகளிலிருந்து என்னை வெளியே அனுப்பியது என் வாய்தான். இங்கே அது நடக்காது, அக்கா விடமாட்டாள். ஒரே நிபந்தனை, அலுவலக நேரத்தில் அத்தானை 'சார்' என்று கூப்பிட வேண்டும். பத்திலிருந்து ஆறு வரை நானும் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

அன்று காலை பத்தேகாலுக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். வெளியூர்ப் பள்ளியில் இயற்பியல் டீச்சராம். உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்து மேஜையில் வைத்தாள். கழுத்துவரை வெளிர் மஞ்சள் நிறத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது.

"எங்கப்பாவை எங்க சித்தப்பா கொஞ்சம் கொஞ்சமா கொன்னுட்டிருக்காரு. இதுதான் விஷம்."

நான் என் டீ டம்ளரை மேஜையின் மறுகோடிக்கு நகர்த்தினேன்.

"மூடி இறுக்கமாத்தான் இருக்கு" என்றாள் டீச்சர்.

"எனக்கு அந்த நம்பிக்கை இருக்குங்க. டீக்குத்தான் இல்ல."

அத்தான் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

டீச்சர் சொன்னாள். அவளுடைய அப்பா கட்டிங் மாஸ்டர். கீழே தையல் பட்டறை, மேலே வீடு. பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, தொழிற்சாலை என்று எல்லோருக்கும் சீருடை தைக்கும் இடம். துணியை வெட்டுவது மாஸ்டர், தைத்து முடிக்கிற பொறுப்பு சித்தப்பாவுடையது. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். டீச்சரை வளர்த்தது சித்தப்பாவும் சித்தியும்தான்.

"லீவுக்கு வந்து பதினெட்டு நாளாச்சு சார். வந்தப்ப அப்பா கொஞ்சம் மறதியா இருந்தாரு, அவ்வளவுதான். மூணாவது நாள் பாத்தேன், சித்தி ஏதோ சிரப்பை மூடியில ஊத்திக் குடுக்கறாங்க. நான் வந்ததும் பாட்டிலை முந்தானைக்குள்ள மறைச்சுட்டாங்க. பாட்டில்ல லேபிளே இல்ல, சுரண்டி எடுத்திருக்கு. என்னதுன்னு கேட்டா சத்து டானிக்காம். சத்து டானிக்கை யாராவது ஒளிச்சுக் குடுப்பாங்களா?"

"இப்ப எப்படி இருக்காரு?"

"பத்துப் பன்னெண்டு நாளா ரொம்ப மோசம். பகல் பூரா தூங்கறாரு. ராத்திரி முழிச்சுக்கிட்டு நடக்கறாரு. கத்திரிக்கோலை பிரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு தேடறாரு. என்னை அம்மா பேர் சொல்லிக் கூப்பிடறாரு. போன வாரம் அறுபது சட்டைக்கு ரெண்டு கையும் இடது கையாவே வெட்டிட்டாரு. நாப்பது வருஷத்துல ஒரு அங்குலம் துணியை வீணாக்காதவர் சார் அவர்."

அவள் பையைத் தட்டிக் காட்டினாள். "புகார் எழுதி ரெடியா வெச்சிருக்கேன். அஞ்சு மணிக்கு போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்துடுவேன். அதுக்குள்ள நீங்க ஆதாரம் பிடிச்சுக் குடுத்தா ரெண்டு பேரும் தப்பிக்கவே முடியாது. கிடைக்கலைன்னாலும் குடுக்கத்தான் போறேன். எனக்கு எங்கப்பா உயிரோட வேணும்."

அத்தான் ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார். உள்ளே இருந்தது கண்ணாடிபோலத் தெளிவாக, சோம்பலாக ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போயிற்று.

"இது சாம்பிளா?"

"ஆமா, அந்தப் பாட்டில்லேருந்து எடுத்தேன்."

"எடுத்ததை அவங்க கவனிக்கலையா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். அத்தான் அதற்கு மேல் கேட்கவில்லை. மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது.

அவள் போனதும், "லேபுக்கு அனுப்பலாமா அத்தான்?" என்றேன்.

"சார்."

"லேபுக்கு அனுப்பலாமா சார்?"

"லேப் ரிப்போர்ட் வர்றதுக்கு நாலு நாள் ஆகும். நமக்கு இருக்கறது ஆறு மணி நேரம். அளவு குடுக்கப் போலாம், வா. உனக்குத்தான் சட்டை."

பட்டறை ஒரு நீளமான கூடம். இரண்டு வரிசையாக மெஷின்கள், நடுவில் துணிக் கட்டுகள், கோடியில் கட்டிங் மேஜை. இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் புதுத் துணி வாசனை கலந்து வந்தது. நாங்கள் ஒரு காவலாளி நிறுவனத்துக்குச் சீருடை பார்க்க வந்ததாகச் சொன்னோம். என்னைப் பார்த்தால் காவலாளி என்று யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அளவெடுக்கிறவர்களுக்கு அதைப்பற்றி என்ன.

சித்தப்பா ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, காதில் பென்சில். கொலைகாரர்களை நான் நேரில் பார்த்ததில்லை என்றாலும், வந்தவர்களுக்கு உடனே நாற்காலி துடைத்துப் போடுகிற கொலைகாரரை எதிர்பார்த்திருக்கவில்லை. அவர் அளவெடுக்க டேப்பை எடுத்தார். அதற்குள் மேஜையில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து, "குடு, நான் எடுக்கறேன்" என்றார்.

"அண்ணே, நீங்க உக்காருங்க."

"டேய், நான் இருக்கும்போது நீ அளவெடுப்பியா?"

சித்தப்பா மறுபேச்சில்லாமல் டேப்பைக் கொடுத்துவிட்டார். அண்ணன் கைக்கு டேப் போகும்வரை அவர் கண் டேப்பிலேயே இருந்தது.

மாஸ்டர் நல்ல உயரம். முகத்தில் மஞ்சள் சாயை. என் தோளில் டேப்பை வைத்தார். வைத்த கை திடீரென்று மணிக்கட்டில் தொங்கியது, உடனே தூக்கிக்கொண்டது. மறுபடி தொங்கியது, மறுபடி தூக்கியது. யாரையோ போகச் சொல்லி அசைப்பதுபோல இருந்தது. எனக்கே போய்விடலாமா என்று தோன்றியது.

"இடுப்பு பத்தொம்பது" என்றார்.

"மாஸ்டர், அது என் தோளுங்க."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பு, நிறையப் பேருக்குப் பிடித்திருக்கக் கூடிய சிரிப்பு. எனக்கு அதற்கு மேல் ஜோக் வரவில்லை. யாரோ தப்பு செய்திருக்கிறார்கள், இந்த மனிதர் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பது மட்டும் நெஞ்சில் உறைத்தது.

அப்போது மாடிப்படியில் சித்தி இறங்கி வந்தாள். நூல்கண்டு அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு, லேபிள் கிழித்த ஒரு பழுப்புப் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திருகும்போது கரகரவென்று சத்தம் கேட்டது. அளவு பார்த்து ஊற்றி மாஸ்டரிடம் நீட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்த நான், பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்ததைப் பார்த்தேன். அத்தானும் பார்த்தார்.

மாஸ்டர் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இது அது இல்லம்மா. இது வேற மாதிரி இனிக்குது."

"அதேதான் மாமா" என்றாள் சித்தி பொறுமையாக. "தினமும் இதையே சொல்றீங்க."

"தினமும் இதையேதான் குடுக்கறீங்க" என்றார் மாஸ்டர். பக்கத்து மெஷினில் இருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். மாஸ்டர் மறுபடி மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டார்.

சித்தி மாடிக்குப் போனாள், பாட்டில் அலமாரிக்குப் பின்னால் போயிற்று. அத்தான் அலமாரியின் பக்கம் நூல் நிறம் பார்ப்பதுபோல் நடந்து, பாட்டிலின் கழுத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சித்தப்பாவிடம், "பாத்ரூம் எங்கேங்க?" என்றார்.

எனக்குத் தெரியும், இது அவருடைய பழைய தொழில் வியாதி. கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் முதலில் கழிப்பறையைப் பார்த்து மார்க் போடுவார். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தவர், "நீ போ" என்றார்.

"எனக்கு வரலை சார்."

"வரும், போ. கதவைச் சாத்திட்டு பின்பக்கம் பாரு."

போனேன். சுத்தமான கழிப்பறை, அத்தான் எழுபது மார்க்காவது கொடுத்திருப்பார். கதவின் பின்பக்கம் முழுக்கத் தையல் சாக்பீஸால் கோடுகள். வரிசைக்கு ஒரு தேதி. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே மூன்று கோடு, மூன்று, இரண்டு, மூன்று, நாலு, மூன்று என்று பல வாரங்களுக்கு ஓடியது. ஆறாம் தேதி மூன்று. ஏழாம் தேதி ஒன்று. எட்டில் ஒன்றுமில்லை. ஒன்பதில் ஒன்று. அதற்கப்புறம் பத்து நாளில் மொத்தம் மூன்றே கோடு. கடைசி நாலு தேதிக்கு எதிரே வெறும் பலகைதான்.

வெளியே வந்து, "ஜெயில்ல கைதி நாள் எண்ணற மாதிரி இருக்கு. விஷம் குடுத்த கணக்கா?" என்றேன் மெதுவாக.

"விஷம் குடுத்த கணக்கை யாராவது கழிப்பறைக் கதவுல எழுதுவாங்களா? அங்க எதைக் கணக்கு பண்ணுவாங்க, அதைத்தான் பண்ணியிருக்காங்க."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் கதவைத் தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அத்தான் டீச்சருக்கு போன் செய்து கீழே வரச் சொன்னார். சித்தப்பாவையும் சித்தியையும் இஸ்திரி அறைக்குள் அழைத்தார். மடித்த சட்டைகள் அடுக்கியிருந்த சின்ன அறை, ஐந்து பேர் நின்றதும் மூச்சு முட்டியது. அத்தான் அலமாரிப் பாட்டிலை ஒரு கையிலும், டீச்சர் கொடுத்த ஜாடியை மறு கையிலும் வைத்துக்கொண்டார்.

"நான் சீருடை வாங்க வரலை. இவங்க அப்பாவுக்கு யாரோ கெடுதல் பண்றாங்கன்னு இவங்க என்கிட்ட வந்தாங்க. சந்தேகம் உங்க மேல."

சித்தப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. காதிலிருந்த பென்சில் நழுவி விழுந்தது. அதை எடுக்காமல் டீச்சரையே பார்த்தார்.

"என் மேலயா? ஏம்மா, நான் உன் சித்தப்பா இல்லையா?"

டீச்சர் சுவரைப் பார்த்தாள்.

"கதவுல கோடு போடறது யாரு?" என்றார் அத்தான்.

சித்தப்பா வார்த்தையை மென்று விழுங்கினார். "நான்தான்."

"எதுக்கு?"

"சொல்லக் கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காரு."

"நீங்க சொல்லலைன்னா அஞ்சு மணிக்கு போலீஸ்காரங்களுக்குச் சொல்ல வேண்டி வரும். அவங்க என்னை மாதிரி பொறுமையா கேக்க மாட்டாங்க."

சித்திதான் வாயைத் திறந்தாள். "மாமாவுக்கு ஈரல் கெட்டுப் போச்சு. ரெண்டு வருஷமாச்சு. எப்பவோ வந்த காமாலைக் கிருமி உள்ளேயே இருந்து அரிச்சிருக்காம். அவர் ஒரு சொட்டு தொட்டதில்ல. ஆனா ஈரல்னு சொன்னா ஊர் என்ன நினைக்கும்? அதுவும் இவளோட நிச்சயத்தன்னிக்கு, மாப்பிள்ளை வாயில சாராய வாடை அடிக்குதுன்னு அத்தனை பேர் முன்னாடி தட்டைத் திருப்பி அனுப்பினவர் அவர். 'இப்ப எனக்கு ஈரல் போச்சுன்னா அந்தப் பையன் வீட்டுக்காரங்க கைகொட்டிச் சிரிப்பாங்க, என் பொண்ணே என்னைச் சந்தேகப்படுவா'ன்னு ஒரே பிடிவாதம். பாட்டில் வாங்கிட்டு வந்ததும் உக்காந்து லேபிளைச் சுரண்டுவார்."

"கோடு?" என்றேன் நான். ஆர்வம் அடங்கவில்லை.

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவையாவது வெளிக்குப் போகணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதுக்குத்தான் அந்த சிரப். போகலைன்னா மூளைக்கு ஏறிடும்னாங்க. அதனால நான் கணக்கு வெச்சேன். ஒரு தடவை போனா ஒரு கோடு. இப்ப பன்னெண்டு நாளா கோடு சரியா விழலை. நானும் மருந்தைக் கூட்டிக் கூட்டிக் குடுக்கறேன், கேக்க மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா, இவ ஊருக்குப் போற வரைக்கும் வரமாட்டேங்கறாரு."

"கேக்காது" என்றார் அத்தான். "ஏன்னா நீங்க குடுக்கறது மருந்தே இல்ல."

"பாத்தீங்களா!" என்று பாய்ந்தாள் டீச்சர். "நான் சொன்னேன்ல? எல்லாம் கதை சார்!"

"இருங்கம்மா." அத்தான் பாட்டிலை வெளிச்சத்தில் காட்டினார். கழுத்தைச் சுற்றி வெள்ளையாகக் கற்கண்டுபோல் படிந்திருந்தது. "இது அடுப்புல காய்ச்சின சர்க்கரைப் பாகு. ஆறி நாளானா பூத்துப் போகும், மூடி கரகரன்னும். இருபத்தெட்டு வருஷம் ஓட்டல் சமையலறை பாத்தவனுக்கு இது கூடவா தெரியாது? ஆனா இந்த ஜாடியில இருக்கறது பாருங்க, ஒரு பருக்கை கூட இல்ல. இதுதான் நிஜ மருந்து."

டீச்சர் ஒரு அடி முன்னால் வந்து ஜாடியை உற்றுப் பார்த்தாள்.

"காலைல சாம்பிள்னு சொன்னீங்க. சாம்பிளுக்கு ஒரு ஸ்பூன் போதும். நீங்க ஜாடி நிறையக் கொண்டு வந்தீங்க. இவ்வளவு எடுத்தா பாட்டில் காலியாகியிருக்கணும். இங்க வந்து பாத்தா பாட்டில் நிறைய இருக்கு. அப்ப எடுத்தவங்கதான் நிரப்பியும் வெச்சிருக்கணும். எந்தத் தேதியிலேருந்து மாத்தறீங்க டீச்சர், ஏழா?"

அறைக்குள் இஸ்திரிப் பெட்டி மட்டும் புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

"ஆறாம் தேதி சாயங்காலம்" என்றாள் டீச்சர். அவள் குரலை அவளே அடையாளம் தெரியாமல் கேட்பதுபோல் நின்றாள். "விஷத்தை எடுத்துட்டு பாகை ஊத்தினேன். புதுப் பாட்டில் வந்தா அதையும் மாத்தினேன். அப்படியும் மோசமாயிட்டே போனாரு. வேற வழியில வெக்கறாங்கன்னு நினைச்சேன். அப்பாவைக் காப்பாத்தறேன்னு நினைச்சேன் சார்."

சித்தி அவளைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அதற்குள் வெளியே மெஷின்கள் நின்றன. சிரிப்பை அடக்கிய அந்தப் பெண் கதவில் வந்து நின்றாள்.

"மாஸ்டரை எழுப்பறோம், எழுந்திரிக்க மாட்டேங்கறாருங்க."

சித்தப்பா எங்களையெல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார். டெலிவரி வேனில் சட்டைக் கட்டுகளை இறக்கிவிட்டு மாஸ்டரை ஏற்றினோம். எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பது அன்றுதான் அத்தானுக்கு உபயோகப்பட்டது. டீச்சர் அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் யாரும் பேசவில்லை. நான்கூட.

டாக்டரம்மா குள்ளமாக, விறுவிறுப்பாக இருந்தார். டீச்சர் சொன்னதைக் கேட்டு அவர் திட்டவில்லை. ஊசியும் குழாயும் வேலையைத் தொடங்கிய பிறகு எங்களை வராந்தாவில் நிறுத்தி விளக்கினார்.

"நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்கு. நாம சாப்பிடற புரதத்தை அதுங்களும் சாப்பிடும். சாப்பிட்டுட்டு கழிவை விடும், அம்மோனியா மாதிரி. நல்ல ஈரல் அதையெல்லாம் வழியிலேயே பிடிச்சு சுத்தம் பண்ணிடும். ஈரல் கெட்டுப் போனா, அது ரத்தத்துல கலந்து நேரா மூளைக்குப் போகும். தூக்கம் தலைகீழாகும், கை நிக்காம ஆடும், ஆள் குழம்பிடுவாங்க. கடைசியில மயக்கம்."

"அம்மோனியா மட்டும்தானா?" என்று கேட்டாள் டீச்சர். அழுது வீங்கிய முகத்திலும் இயற்பியல் டீச்சர் இருந்தாள்.

"நல்ல கேள்வி. அது பெரிய ஆளு, ஆனா தனியா வேலை செய்யறதா தெரியலை. பாக்டீரியா விடற வேற சில பொருளும் சேர்ந்து கெடுக்குதுன்னு நினைக்கறாங்க, இன்னும் ஆராய்ச்சி நடக்குது. அந்த சிரப் குடல்ல புளிப்பை உண்டாக்கி அம்மோனியாவை அங்கேயே பிடிச்சு வெக்கும், அப்புறம் வெளியே தள்ளும். அதனாலதான் தடவைக் கணக்கு முக்கியம். கதவுல கோடு போட்டவர் யாரு?"

சித்தப்பா கையை உயர்த்தினார், வகுப்பில் மாட்டிக்கொண்டவர்போல.

"ரொம்ப நல்ல வேலை செஞ்சீங்க. கோடு நின்ன மறுநாளே இங்க கூட்டிட்டு வந்திருக்கணும், அது ஒண்ணுதான் தப்பு."

"பிழைச்சுடுவாரா?" என்றாள் டீச்சர்.

"நேரத்துக்கு வந்திருக்கீங்க. பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் 'பாக்கலாம்' இரண்டு நாள் ஓடியது. நானும் அத்தானும் காலை மாலை போய்ப் பார்த்தோம், அலுவலகத்தில் வேறு வேலையும் இல்லை. சித்தப்பா டீச்சரோடு பேசவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை டீ வாங்கப் போகும்போதும் அவளுக்கும் ஒன்று வாங்கிவந்து, முகத்தைப் பார்க்காமல் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அவளும் ஒவ்வொரு முறையும் ஆறுவதற்குள் எடுத்துக் குடித்தாள். புகார்க் காகிதத்தை முதல் நாளே கிழித்துக் குப்பையில் போட்டதை நான் பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை, மாஸ்டர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே நுழைந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இந்தச் சட்டை யார் தைச்சது? வலது தோள் முக்கால் அங்குலம் இறங்கியிருக்கு. போட்டுக்கிட்டு வெளிய வேற வர்றீங்க."

என் சட்டையைக் கேவலமாகப் பேசக் கேட்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாஸ்டர் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, அந்த மருந்து ஏன் கேக்காம போச்சு? ருசியே மாறிப் போச்சுன்னு நான் சொன்னேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை பேரில் முதலிலிருந்தே சரியாகச் சொன்ன ஒரே சாட்சி அவர்தான். புத்தி பிசகினவர் என்று யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, துப்பறிகிற நாங்கள் உட்பட.

சித்தப்பா கொஞ்சமும் தயங்கவில்லை. "கம்பெனிக்காரன் செஞ்ச தப்புண்ணே. சரக்கு சரியில்லை. திருப்பிக் குடுத்தாச்சு."

அத்தான் சட்டென்று மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். நானும் அதே மின்விசிறியைப் பார்த்தேன்.

"இல்லப்பா" என்றாள் டீச்சர். "நான்தான் மாத்தினேன். சித்தப்பா உங்களுக்கு விஷம் வெக்கறார்னு நினைச்சு, மருந்தைக் கொட்டி எடுத்துட்டு சர்க்கரைப் பாகை ஊத்தி வெச்சேன். போலீஸுக்குப் போகவும் இருந்தேன்."

மாஸ்டர் மகளைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். தம்பி வேகமாக, "சின்னப் பொண்ணு, விடுங்கண்ணே" என்றார்.

"நீ ஏண்டா அவளுக்காகப் பொய் சொன்னே?"

"அவ உங்களுக்காகத்தானே பண்ணினா" என்றார் சித்தப்பா. அவ்வளவுதான் சொன்னார். டீச்சர் எழுந்து போய் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். அவர் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தலையைத் தட்டிக்கொண்டே நின்றார்.

"போனைக் குடு" என்றார் மாஸ்டர். "பட்டறைக்குப் போடு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ஸ்பீக்கரில் மெஷின் இரைச்சல் கேட்டது. மாஸ்டர் தொண்டையைச் செருமினார். பெரிய கூட்டத்தில் பேசப் போகிறவர்போல் போர்வையைச் சரிசெய்துகொண்டார்.

"எல்லாரும் மெஷினை நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லணும். எனக்கு ஈரல் கெட்டுப் போயிருக்கு. ரெண்டு வருஷமா மறைச்சேன். நான் குடிச்சவன் இல்ல. சிரிக்கறவன் இப்பவே சிரிச்சுக்கோங்க, நான் வந்தப்புறம் சிரிச்சா கத்திரிக்கோல்தான்."

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. எதிர்முனையில் யாரோ யாரையோ 'நீ சொல்லு' என்று தள்ளிவிடும் சத்தம். பிறகு, அன்று சிரிப்பை அடக்கிய அந்தப் பெண்ணின் குரல் வந்தது.

"எங்களுக்குத் தெரியும் மாஸ்டர்."

"என்ன தெரியும்?"

"ஈரல் விஷயம்தான். ரெண்டு வருஷமா தெரியும். கதவுல கோடு ஏறலைன்னா நாங்களும்தான் கவலைப்படுவோம். நீங்க குடிக்கறவர்னு இங்க எவன் மாஸ்டர் சொல்லுவான்? டீச்சருக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு நீங்க நினைக்கறீங்கன்னு, நாங்களும் வாயைத் திறக்கலை."

டீச்சர் சித்தப்பாவின் தோளிலிருந்து நிமிர்ந்தாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, போனை அப்பாவிடமிருந்து வாங்கினாள்.

"இனிமே யாருக்கு என்ன தெரிஞ்சாலும் முதல்ல எனக்குச் சொல்லணும். அப்பாவே வேண்டாம்னு சொன்னாலும் சொல்லணும். புரிஞ்சுதா?"

"சரிங்க டீச்சர்" என்று பதினான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள். ஒரு கணம் கழித்து, கட்டிலில் இருந்தவரும் சொன்னார்.